ஆயிரம் ஜன்னல் வீடு: சேரி தெரியும் ஜன்னல் எது?

"செட்டிநாட்டில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று கூகுளில் தட்டிப் பாருங்கள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான் வரும். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு. கானாடுகாத்தான் அரண்மனை. ஆத்தங்குடி பெரிய வீடு. அந்த ஊரிலேயே பூக்கல் செய்யும் பட்டறை. பிள்ளையார்பட்டி. திருமயம் கோட்டை. கம்பன் மணிமண்டபம். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். கார் இருந்தால் கீழடி வரை ஒரு நடை. நடுவில் வாழையிலையில் செட்டிநாட்டுச் சாப்பாடு.

கல்லூரிகள் மாணவர்களை அழைத்து வருவதும் இந்தப் பட்டியலை வைத்துத்தான். இந்த வட்டாரத்துக்கு டூர் வரும் தோழர்கள் பலர் போட்டோ அனுப்புகிறார்கள். தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்து ஒன்று, நிலைக்கதவுக்கு முன்னால் ஒன்று, பூக்கல் தரையில் படுத்து ஒன்று. போகாதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. போய்ப் பாருங்கள். ஆனால் பார்த்துவிட்டு வந்து, செட்டிநாட்டின் பாரம்பரியத்தைப் பார்த்துவிட்டோம் என்று மட்டும் எழுதாதீர்கள். நீங்கள் பார்த்தது பாதிகூட இல்லை.

அந்த வீடுகளில் கைடு சொல்வதைக் கவனியுங்கள். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்பு இங்கிலாந்திலிருந்து. சுவர்ப் பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவைக் கலந்தார்கள். கல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். முட்டை எத்தனை என்றுகூடச் சிலர் கணக்குச் சொல்வார்கள். அந்தக் கல்லைச் சுமந்த கை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் வராது. அவரிடம் கொடுக்கப்பட்ட கதையில் அந்தப் பகுதியே இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்தக் கட்டுரை அந்த இல்லாத பகுதியைப் பற்றியது.

1930 டிசம்பர்

கானாடுகாத்தான் அரண்மனை 1912இல் முடிந்தது என்கிறார்கள். ஆயிரம் ஜன்னல் வீடு 1941இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு இடையில், இதே மண்ணில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்குச் சிவகங்கை தனி மாவட்டம் இல்லை. காரைக்குடியும் தேவகோட்டையும் இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்தன. 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன், இந்தியச் சாதிமுறை பற்றி 1946இல் வெளியிட்ட தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். அதன் சாரம் இது:

ஆதிதிராவிடர்கள் தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேல் உடம்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்புப் போடக் கூடாது.

நம் மக்கள் இதற்குக் கட்டுப்படவில்லை. கட்டுப்படாதவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். தானியத்தை அழித்தார்கள். ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இதையும் ஹட்டனே எழுதியிருக்கிறார்.

ஆறு மாதம் கழித்து, 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. இந்த முறை உடையோடும் நகையோடும் நிற்கவில்லை. பெண்கள் மண்குடத்தில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு பித்தளைக் குடம் கூடாது. தலையில் சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடு மேய்க்க வேண்டும். ஆணும் பெண்ணும் மிராசுதாரின் பண்ணையில் அடிமையாக உழைக்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் எடுத்துப் பயிர் செய்யக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை. ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. ஊர்வலம் போக வேண்டுமென்றால் தங்கள் வீட்டுக் கதவையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி வரியை இன்னொரு முறை படியுங்கள். வீட்டுக் கதவைக் கழற்றி அதில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். குடிசைக்குக் கதவு என்றால் பெரும்பாலும் பனையோலைப் படல்தான்.

செட்டிநாட்டின் நிலைக்கதவுகளைப் பற்றி எத்தனை காபி டேபிள் புத்தகம் வந்திருக்கிறது! ஒவ்வொரு கதவிலும் லட்சுமி, யாளி, கொடி, கிளி. ஒரு கதவைச் செதுக்க எவ்வளவு காலம் ஆனது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அதே காலத்தில், அதே மாவட்டத்தில், கதவு இன்னொரு வேலைக்கும் ஆணையிடப்பட்டது. அந்தக் கதவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த அருங்காட்சியகத்திலும் மாட்டப்படவில்லை.

பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள்

இந்தத் தடைகளைப் பற்றிப் பேசினாலே நம் தோழர்களில் சிலருக்கே ஒரு சங்கடம் வருகிறது. எப்போது பார்த்தாலும் அடிபட்ட கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமா? அவர்களுக்கு அரண்மனை, நமக்கு அவமானமா? இதை ஒரு பலகையில் எழுதி மாட்டி, நம் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டுமா?

நியாயமான கேள்விதான். என் பதில் இது.

யாரும் செய்யாத ஒன்றைத் தடை செய்ய மாட்டார்கள். சட்டை போடக் கூடாது என்று நாட்டுக்கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள் என்றால், நம் ஆட்கள் சட்டை போடத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். குடை பிடிக்கக் கூடாது என்றால் குடை வந்துவிட்டது. கிராப்பு கூடாது என்றால் குடுமி போய்விட்டது. பித்தளைக் குடம் கூடாது என்றால் பித்தளைக் குடத்தோடு ஒரு பெண் ஊர் பார்க்க நடந்து போயிருக்கிறாள். பிள்ளைகள் படிக்கக் கூடாது என்றால் சேரியிலிருந்து ஒரு பிள்ளை சிலேட்டோடு கிளம்பிவிட்டது. நிலத்தை விற்றுவிடு என்றால் நம்மிடம் நிலம் இருந்தது. குதிரையில் போகாதே என்றால் நம் மாப்பிள்ளைகள் குதிரை ஏறியிருக்கிறார்கள்.

எட்டுத் தடை ஆறே மாதத்தில் ஏன் பதினொன்று ஆனது? எட்டும் பலிக்கவில்லை. குடிசைகளைக் கொளுத்தியும் பலிக்கவில்லை. அதனால்தான் அடுத்த பட்டியல் உடம்பை விட்டு நிலத்துக்கும் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூலிக்கும் தாவியது. எங்கே கை வைத்தால் நாம் எழ முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தத் துணிவுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்பதும் யோசிக்க வேண்டியது. இந்த வறண்ட வட்டாரத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் பர்மா வயல்களுக்கும் கூலிகளாகப் போனவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியார் ஏராளம். கடல் கடந்து போய் வந்தவன் நாலு காசும் ஒரு சட்டையும் ஒரு குடையும், எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கும் குனியாமல் தெருவில் நடந்த அனுபவத்தையும் கொண்டு வந்திருப்பான் என்று ஊகிக்கக் கடினமில்லை. செட்டியாரை மட்டுமே கடல் கடந்தவராகக் காட்டும் கண்காட்சி, அதே கப்பலின் மேல்தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து போனவனை விட்டுவிடுகிறது.

ஆக, அந்த இரண்டு பட்டியல்களும் செட்டிநாட்டுத் தலித்துகளின் எழுச்சிக்கு எதிரிகளே எழுதிக்கொடுத்த சாட்சி. நமக்கு மாளிகை இல்லை. ஆனால் ஆவணம் இருக்கிறது. அதை நாம் அவமானமாக நினைத்து மறைக்கும் வரை, மற்றவர்கள் வசதியாக மறந்துகொண்டே இருப்பார்கள்.

"நகரத்தாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அதனால் நானே எடுத்துக்கொள்கிறேன்.

தடைகளை விதித்தவர்கள் நகரத்தார் அல்லர், நாட்டார்கள். இதில் குழப்பம் வேண்டாம். நகரத்தார் எல்லோரும் கோடீஸ்வரர்களும் அல்லர். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகப் போய்ப் பர்மாவிலேயே எல்லாவற்றையும் இழந்தவர்களும் உண்டு. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று தடை போட்ட பதினாறாவது ஆண்டில் இந்த மண்ணில் ஒரு கல்லூரி வந்தது; பின்னாளில் அதில் நம் பிள்ளைகளும் படித்தார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் என் கேள்வி யார் குற்றவாளி என்பது பற்றியது இல்லை. ஒரு வட்டாரத்தின் வரலாறு என்று காட்டப்படுவதில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. நாலணாதான் கூலி என்று தீ வைத்து மிரட்டி நிர்ணயிக்கும் ஒரு வட்டாரத்தில், கூலிக்கு ஆள் வைக்கும் எவருக்கும் அதன் பலன் போய்ச் சேரும். மண் வெட்டியவர், கல் சுமந்தவர், சுண்ணாம்பு நீற்றியவர், வயலில் நாற்று நட்டவர் எல்லோருடைய உழைப்பும் மலிவாகக் கிடைத்தது சாதி ஒழுங்கால்தான். அந்த ஒழுங்கைக் காவல் காத்தவர் ஒருவர், அதற்குள் வீடு கட்டியவர் இன்னொருவர். வீட்டை மட்டும் அந்த ஒழுங்கிலிருந்து பிரித்தெடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

பர்மாவின் கதையும் இதில் சேரும். 1930இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது, விவசாயிகளால் கடனைத் திருப்ப முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் கை மாறியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. 1930 டிசம்பரில், இங்கே எட்டுத் தடை போட்ட அதே மாதத்தில், அங்கே சாயா சான் தலைமையில் வரியாலும் கடனாலும் நொறுங்கிய விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். தேக்குத் தூணைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுக்கும்போது இதுவும் தெரிந்திருக்க வேண்டாமா?

வீட்டின் வரைபடமும் ஊரின் வரைபடமும்

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, பின்வாசல். கட்டடக்கலை மாணவர்கள் இதை வரைந்துகொண்டு போகிறார்கள். காற்றோட்டம், வெளிச்சம், மழைநீர் சேகரிப்பு என்று குறிப்பு எழுதுகிறார்கள். எல்லாம் சரி. சமூகவியல் படிக்கிற மாணவர் அந்த வரைபடத்தில் இன்னொன்றையும் குறிக்க வேண்டும்: எந்தக் கட்டு வரை யார் வரலாம்? திண்ணையில் யார் உட்காரலாம்? எந்த வாசலில் நின்று யார் கூலி வாங்கினார்கள்? வீட்டுக்குள் வேலை செய்ய எந்தச் சாதிக்கு அனுமதி, எந்தச் சாதிக்குப் பின்வாசலோடு சரி? இந்த வரைபடம் போடாமல் அந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது.

ஊருக்கும் அதேதான். செட்டிநாட்டின் கிராமத் தொகுப்புகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ் வணிகர்களின் கிராமங்கள் என்பதுதான் அங்கே கொடுத்திருக்கும் பெயர். நேர்கோட்டுத் தெருக்களும் ஊரணிகளும் நீர் மேலாண்மையும் பெருமையாகப் பேசப்படுகின்றன. அந்த நேர்கோட்டுத் தெருக்கள் முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது? வணிகர்களின் கிராமத்தில் வணிகர்கள் மட்டுமா இருந்தார்கள்?

ஊரணியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மழைநீரைத் தேக்கும் அறிவு பெரிய அறிவுதான். ஆனால் ஊர் ஊரணியில் இறங்கிக் குடம் முக்கும் உரிமை இந்த வட்டாரச் சேரிகளுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. தண்ணீரைச் சேமித்த கதை பாரம்பரியம் என்றால், அந்தத் தண்ணீரை யாருக்குக் கொடுக்கவில்லை என்பதும் அதே பாரம்பரியத்தின் பகுதி. களப்பணிக்குப் போகும் சேரிகளில் எண்பது வயது அப்பத்தாக்கள் இன்னும் இருக்கிறார்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்தது, குடத்தோடு கரையில் காத்து நின்றது என்று அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு போன் போதும். இன்னும் பத்து வருடத்தில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

பட்டியலில் இல்லாத ஊர்கள்

இது பழைய கதை, இப்போது யார் சாதி பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களுக்காக, அந்தப் பத்து இடங்களில் வராத மூன்று ஊர்களைச் சொல்கிறேன்.

தேவகோட்டைக்கு அருகில் உஞ்சனை. 1979இல் கோயில் திருவிழாவை ஒட்டி ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். வெண்மணி தெரிந்த நமக்கே உஞ்சனை தெரியாது. காரைக்குடிக்கு வரும் எந்த மாணவர் பேருந்தும் அங்கே நிற்பதில்லை.

அதே வட்டாரத்தில் கண்டதேவி. சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரோட்டம். உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்ற நான்கு நாட்டாருக்குத் தேரில் முதல் உரிமை. 1990களின் கடைசியில் நாங்களும் வடம் பிடிப்போம் என்று நம் மக்கள் கேட்டபோது பிரச்சினை பற்றிக்கொண்டது. நீதிமன்ற உத்தரவுகள் வந்தன, ஆயிரக்கணக்கில் போலீஸ் வந்தது, ஒரு கட்டத்தில் தேரே நின்றது. பதினேழு ஆண்டுகளுக்கும் மேல் ஓடாமல் கிடந்த தேர், உயர்நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2024 ஜூன் 21 அன்று பலத்த போலீஸ் பாதுகாப்போடு ஓடியது. ஒரு கயிற்றைத் தொட இவ்வளவு. அந்தக் கயிறுதான் இந்த வட்டாரத்தின் மிக முக்கியமான வரலாற்றுப் பொருள் என்று நான் சொல்வேன்.

மூன்றாவது, இதே சிவகங்கை மாவட்டத்தின் கச்சநத்தம். 2018 மே 28 இரவு ஊருக்குள் புகுந்து வெட்டினார்கள். மூன்று தலித்துகள் உயிரிழந்தார்கள். ஆதிக்கச் சாதியினர் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததிலிருந்து பகை வளர்ந்ததாக அப்போது செய்திகள் வந்தன. 2022 ஆகஸ்டில் சிவகங்கை சிறப்பு நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 1930இன் பட்டியலில் உட்காரும் விதம் பற்றி ஒரு வரி இல்லை. அதை 2018இல் சேர்த்துக்கொண்டார்கள்.

மண்பானை எங்கே இருக்கிறது?

கீழடிக்கு வருவோம். 2023 மார்ச் 5 அன்று திறக்கப்பட்ட அந்த அருங்காட்சியகம் நமக்கெல்லாம் பெருமைதான். சுமார் 2600 ஆண்டுகளுக்கு முந்தைய நகர வாழ்வு, எழுத்தறிவு, பானை ஓட்டில் ஆதன் என்று கீறிய பெயர். வேதத்துக்கு வெளியே தமிழருக்கு ஒரு நாகரிகம் உண்டு என்று சொல்ல அது நமக்கும் வேண்டும்.

அந்தக் கட்டடம் எந்தப் பாணியில் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனித்தீர்களா? செட்டிநாட்டுப் பாணியில். தமிழர் வீடு என்றால் அரசுக்கு உடனே நினைவுக்கு வருவது செட்டிநாட்டு வளவும் தூணும்தான். ஒரு சாதியின் ஒரு காலத்து மாளிகை, தமிழர் எல்லோருக்கும் பொதுவான கட்டடக்கலையாக மாறிவிட்டது. சமூகவியலில் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் மண்பானைகள் வைத்திருக்கிறார்கள். விளக்குப் போட்டு, எண் கொடுத்து, காலம் குறித்து. 2600 ஆண்டு பழைய மண்பானைக்கு அந்த மரியாதை தேவைதான். 1931இல் இதே மாவட்டத்தின் பெண்கள் மீது கட்டளையாகச் சுமத்தப்பட்ட மண்குடத்துக்கு ஒரு பெட்டி இருக்கிறதா? சிவகங்கையில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1910இலிருந்தே ஒன்று இருக்கிறது. சாதி இல்லாத பழந்தமிழரைத் தேடிக் குழி தோண்டும் அரசுக்கு, சாதியால் எரிந்த குடிசைகளின் சாம்பலைத் தேட ஒரு சதுர அடிகூட ஒதுக்கத் தோன்றவில்லையே!

உலகத்தில் மற்றவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் விட்னி என்ற பழைய தோட்டம் 2014இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. முதலாளியின் மாளிகை அங்கேயும் அழகுதான். ஆனால் அந்த இடத்தின் கதை அடிமைகளின் கதையாகச் சொல்லப்படுகிறது. அவர்களுடைய பெயர்கள் சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நிறவெறி அரசு இடித்துத் தள்ளிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியின் மக்கள், 1994இல் தாங்களே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தரையில் விரித்த வரைபடத்தில் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தாங்களே எழுதிக் குறித்தார்கள். இங்கிலாந்தில் பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், தன் வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனியத்தோடும் இருந்த தொடர்பை 2020இல் அறிக்கையாகவே வெளியிட்டது. பெரிய எதிர்ப்பு வந்தது. மாளிகைகளைப் பார்க்கக் கூட்டம் இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் சுற்றுலா படுத்துவிடும் என்பதெல்லாம் பயமுறுத்தல்.

நம் பக்கத்திலேயே மேலூர் அருகில் மேலவளவு இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே நினைவிடம் எழுப்பியது அரசா? நம் இயக்கங்கள்தான். ஆண்டுதோறும் ஜூன் 30இல் மக்கள் அங்கே கூடுகிறார்கள். நினைவிடம் என்பது நமக்குப் புதிதில்லை.

என்ன கேட்கப் போகிறோம்?

கோபப்பட்டுவிட்டுக் கலைந்து போக இதை எழுதவில்லை. கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன.

ஒன்று: 1930, 1931 தடைப் பட்டியல்கள் சிவகங்கை அரசு அருங்காட்சியகத்தில் முழுமையாகத் தமிழில் வைக்கப்பட வேண்டும். கூடவே அந்தத் தடைகளை மீறிய மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் பொருட்கள்: பித்தளைக் குடம், குடை, சிலேட்டு, நிலப் பத்திரம், பறை. நம் வீடுகளிலேயே இவை இருக்கின்றன.

இரண்டு: செட்டிநாட்டை யுனெஸ்கோவின் இறுதிப் பட்டியலுக்குக் கொண்டுபோக அரசு எடுக்கும் எந்த முயற்சியிலும் சேரிகளும் அவற்றின் நீர்நிலைகளும் சுடுகாடுகளும் கோயில்களும் வரைபடத்தில் சேர வேண்டும். அங்கே வாழும் மக்களைக் கேட்காமல் ஆவணம் தயாராகக் கூடாது.

மூன்று: உஞ்சனையிலும் கச்சநத்தத்திலும் அரசு நினைவுச் சின்னம் வேண்டும். அந்தக் குடும்பங்களின் சம்மதத்தோடு, அவர்கள் சொல்லும் வாசகத்தோடு.

நான்கு: சுற்றுலாத் துறை கைடுகளுக்குக் கொடுக்கும் பயிற்சியில் இந்த வரலாறு பாடமாக வேண்டும். கைடாக நம் இளைஞர்களும் வர வேண்டும். ஹெரிடேஜ் ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவும் வேலை மட்டும் நமக்கு என்பது மூன்றாம் கட்டின் தொடர்ச்சிதான்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை உங்கள் கல்லூரி செட்டிநாட்டுக்கு டூர் போடும்போது, காரைக்குடியிலிருந்து தேவகோட்டைப் பக்கம் ஒரு அரை நாள் கேளுங்கள். கண்டதேவித் தேரடியில் நில்லுங்கள். ஆத்தங்குடியில் கால் வழுக்கும் அந்தப் பூக்கல்லைக் கையால் வார்க்கிற தொழிலாளியிடம் நாள் கூலி எவ்வளவு என்று கேட்டு, ரிப்போர்ட்டில் எழுதுங்கள். மாளிகையில் கைடிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த வீட்டைக் கட்டியவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? அவர்கள் எந்த வாசல் வழியாக வந்தார்கள்? அவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள்? பதில் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் இதே கேள்வியைக் கேட்டால், அடுத்த மாதம் அவர் பதில் தேடிக்கொண்டு வருவார்.

இந்த வட்டாரத் தோழர்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. உங்கள் அப்பத்தாவிடம், அம்மாச்சியிடம் இந்த வாரமே உட்காருங்கள். முதன்முதலில் ரவிக்கை போட்டது யார், முதலில் பள்ளிக்கூடம் போனது யார், குதிரையில் ஏறிய மாப்பிள்ளை யார் என்று கேளுங்கள். பெயர் கிடைத்தால் எழுதி வையுங்கள். வீட்டில் பழைய குடம் இருந்தால் ஈயம் பித்தளைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெயர்களும் அந்தக் குடங்களும் சேர்கிற இடம்தான் செட்டிநாட்டில் நாம் கட்டப் போகும் முதல் அருங்காட்சியகம்.

ஜெய்பீம்.